சுத்திகரித்த நீர் வீடு வந்து சேரும் வரை

1989 டிசம்பரில் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் கபூல் என்ற சிற்றூரைக் கடும் குளிர் தாக்கியது. பிரதானக் குழாய்கள் இரண்டு இடங்களில் உடைந்தன. வீட்டு மீட்டர்கள் பல உறைந்து பழுதாகிப் புதியவை பொருத்தப்பட்டன. அந்த ஊருக்கு நீர் தந்தவை ஆழ்கிணறுகள். கிணற்று நீர் நல்ல நீர் என்பதால் குளோரின் கலக்காமலேயே விநியோகித்து வந்தார்கள். உடைப்பை அடைத்தபோதும் மீட்டரை மாற்றியபோதும் குழாயைக் குளோரின் இட்டுக் கழுவவில்லை. அந்தக் குளிர்காலத்தில் 243 பேர் நோயில் விழுந்தார்கள். பலருக்கு ரத்தத்தோடு பேதி போனது. 4 பேர் இறந்துபோனார்கள். ஈ.கோலை ஓ157 என்ற கிருமி. நோய்ப் பரவலின் உச்சம் அந்தப் பழுதுவேலைகள் முடிந்த பிறகு வந்தது.

குடிநீர் விநியோகத்திலேயே பிழைப்பை நடத்துகிறவன் நான். இந்த நிகழ்ச்சி என் மனத்தை விட்டுப் போனதே இல்லை. கிணற்றில் குறை இல்லை. தொழிற்சாலைக் கழிவு எதுவும் கலக்கவில்லை. வேலை செய்தவர்களுக்கும் கெட்ட எண்ணம் இல்லை. உறைபனியில் நின்றுகொண்டு ஊருக்குச் சீக்கிரம் தண்ணீர் கொடுத்துவிட வேண்டும் என்று பாடுபட்டவர்கள் அவர்கள். உடைப்பை அடைப்பதும் மீட்டரை மாற்றுவதும் உலகத்தின் எந்த ஊரிலும் அன்றாடம் நடக்கிற வேலைகள். அந்த வேலைகளுக்குள்தான் ஆபத்து இருந்தது.

குடிநீர்த் தரம் என்றதும் எல்லோர் கண்முன்னும் வருவது சுத்திகரிப்பு நிலையம். பார்வையாளர்களை அங்கேதான் அழைத்துப் போவோம். படிகாரம் கலக்கும் இடம், தெளிய வைக்கும் தொட்டி, மணல் வடிகட்டி, குளோரின் அறை எல்லாம் பார்க்க அழகாக இருக்கும். அங்கிருந்து வெளியே போகும் நீரின் அறிக்கையும் நன்றாகத்தான் இருக்கும். அதற்குப் பிறகு அந்த நீர் மண்ணுக்கடியில் பல மணி நேரம், சில இடங்களில் பல நாட்கள் பயணம் செய்கிறது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் குழாய், ஆயிரக்கணக்கான மூட்டுகள், வால்வுகள், தொட்டிகள், வீட்டு இணைப்புகள். அந்தப் பாதையில் கிருமி புக எத்தனை வழி உண்டோ அத்தனைக்கும் யாராவது ஒருவர் பொறுப்பேற்றாக வேண்டும். பெரும்பாலான இடங்களில் அப்படிப் பொறுப்பேற்க ஆள் இல்லை என்பதுதான் என் கவலை.

முதலில் அழுத்தத்தைப் பற்றிப் பேச வேண்டும். எனக்குத் தெரிந்தவரை விநியோகக் குழாயைக் காப்பாற்றுவதில் அதற்கு இணையான காவல் வேறு கிடையாது.

எந்தக் குழாயும் முழுக்க இறுக்கமானது இல்லை. பழைய வார்ப்பிரும்புக் குழாயின் ஈய மூட்டில் கசியும், பிளாஸ்டிக் குழாயின் ரப்பர் வளையத்தில் கசியும், வீட்டு இணைப்புக்காகத் துளையிட்ட ஃபெருல் அருகே கசியும். உள்ளே அழுத்தம் இருக்கும்வரை இந்த ஓட்டைகள் வழியாக நீர் வெளியேதான் போகும். நஷ்டம்தான், ஆனால் நோய் வராது. அழுத்தம் போன கணத்தில் அதே ஓட்டைகள் உள்வாயில்களாக மாறிவிடுகின்றன. வெளியே இருப்பது என்ன? பல ஊர்களில் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் ஒரே தெருவுக்கடியில்தான் கிடக்கின்றன. அமெரிக்காவில் சில ஆய்வாளர்கள் குடிநீர்க் குழாய்களை ஒட்டிய மண்ணையும் அதில் தேங்கிய நீரையும் எடுத்துச் சோதித்தார்கள். ஏறத்தாழ பாதி மாதிரிகளில் மலக்கிருமிகளின் தடயம் இருந்தது. 

மணிக்கணக்கில் நீர் நின்றால்தான் அழுத்தம் போகும் என்று நினைக்கக் கூடாது. பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் சட்டென்று நின்றுபோனால் என்ன ஆகிறது? குழாயில் விரைந்து போய்க்கொண்டிருந்த நீரைப் பின்னாலிருந்து தள்ள யாரும் இல்லை. முன்னால் போன நீர் போய்க்கொண்டே இருக்க, பின்னால் அழுத்தம் விழுகிறது. அந்த வீழ்ச்சி ஓர் அலையாகக் குழாய் நெடுகப் பாய்கிறது. இரும்புக் குழாயில் நீரின் வேகம் வினாடிக்கு 1 மீட்டர் திடீரென மாறினால் அழுத்தம் ஏறத்தாழ 100 மீட்டர் நீர் உயரத்துக்கு ஏறவோ இறங்கவோ செய்யும். மேட்டுப் பகுதிகளில் குழாய்க்குள் இருப்பதே 20, 30 மீட்டர் அழுத்தம்தான். எனவே சில வினாடிகளுக்கு அது வெற்றிட நிலைக்கே இறங்கிவிடும். சாதாரண அழுத்தமானியின் முள் அதைக் காட்டாது. காட்டினாலும் அந்த வினாடியில் யாரும் பார்த்துக்கொண்டு இருக்கப்போவதில்லை. நொடிக்குப் பலமுறை பதிவு செய்யும் கருவியை மாட்டிவைத்தால் மட்டுமே தெரியவரும். அப்படி ஒரு வரைபடத்தை முதன்முதலாகப் பார்த்தபோது நான் அதிர்ந்துபோனேன். அறிக்கையில் எல்லாம் சரியாக இருந்த நாளில் கோடு பூஜ்ஜியத்துக்குக் கீழே போய் வந்திருந்தது.

இதில் ஏர் வால்வைத் தனியாகச் சொல்ல வேண்டும். குழாயில் காற்று அடைபடாமல் வெளியேற்றவும், வெற்றிடம் உண்டானால் காற்றை உள்ளே விடவும் மேடான இடங்களில் அதைப் பொருத்துவார்கள். அது ஒரு சிறிய அறைக்குள் இருக்கும். அந்த அறையில் மழைநீரோ சாக்கடைநீரோ நிரம்பி வால்வு மூழ்கிக் கிடந்தால், அழுத்தம் விழும்போது காற்றுக்குப் பதிலாக அந்த அழுக்கு நீரையே அது உள்ளே இழுத்துக்கொள்ளும். குழாயைக் காக்க வைத்த கருவியே வாயிலாகிவிடும். மூடியைத் திறந்து பார்த்து, நீர் தேங்கியிருந்தால் இறைத்துவிட்டு, வடிகால் ஏற்படுத்துவது பெரிய பொறியியல் வேலை இல்லை. ஆனால் எத்தனை ஊர்களில் ஏர் வால்வு அறைகளுக்கு முறைப்படியான பார்வையிடல் அட்டவணை இருக்கிறது?

நாளில் சில மணி நேரம் மட்டும் நீர் விடும் ஊர்களில் இந்த ஆபத்து தினசரி நிகழ்வு. நீர் நின்றதும் குழாய் வடிகிறது, வெளியே இருப்பது ஊறி உள்ளே வருகிறது, மறுபடி நீர் விட்டதும் எல்லாம் சேர்ந்து முதல் குடத்தில் வந்து விழுகிறது. கர்நாடகத்தின் ஹூப்ளி-தார்வாடில் ஒரு பகுதிக்கு 24 மணி நேர விநியோகமும் மற்றப் பகுதிகளுக்கு விட்டுவிட்டு விநியோகமும் இருந்தது. இரண்டுக்கும் சுத்திகரிப்பு ஒன்றுதான். 2013-ல் வெளியான ஆய்வு இரண்டையும் ஒப்பிட்டது. விட்டுவிட்டு வந்த குழாய்களில் எடுத்த மாதிரிகளில் 100-க்கு ஏறத்தாழ 32-ல் ஈ.கோலை இருந்தது. தொடர்ந்து வந்த குழாய்களில் 100-க்கு 1 கூட இல்லை. விநியோக நேரத்தை வசதி குறித்த விஷயமாக மட்டுமே பேசுகிறவர்களிடம் இந்த ஒப்பீட்டை எடுத்துச் சொல்வேன். குழாய் எப்போதும் நிரம்பி அழுத்தத்தோடு இருப்பதே ஒரு சுத்திகரிப்புதான்.

குளோரினைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. நீரில் கொஞ்சம் குளோரின் மிச்சம் இருந்தால் வழியில் எது கலந்தாலும் அது கொன்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கொஞ்சம் கலந்தால், குளோரினுக்குப் போதிய நேரமும் கிடைத்தால், பல பாக்டீரியாக்களைக் கொல்லும்தான். ஆனால் கழிவுநீர் புகுந்தால் அதிலுள்ள அழுக்கே குளோரினை விழுங்கிவிடும். கிருமிக்கு மிச்சம் இருக்காது. கிரிப்டோஸ்போரிடியம் போன்ற ஒட்டுண்ணிகள் குழாயில் நாம் வைத்திருக்கும் அளவுக் குளோரினுக்கு அசையவே அசையா. எனவே எஞ்சிய குளோரினை நான் பெரிதும் மதிப்பது அது தரும் தகவலுக்காக. நேற்றுவரை கடைக்கோடிக் குழாயில் 0.4 மில்லிகிராம் இருந்தது, இன்று 0.05 என்றால் நடுவில் ஏதோ நடந்திருக்கிறது. கிருமிச் சோதனையின் முடிவு வர ஒரு நாள் ஆகும். குளோரின் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும்.

அந்த ஒரு நிமிடத்தைக் கொஞ்சம் அருகிலிருந்து பார்க்கலாம். குழாயைச் சில நிமிடம் ஓடவிட்டு, சின்னக் கண்ணாடிக் குப்பியில் 10 மில்லி நீர் பிடித்து, டிபிடி மாத்திரை ஒன்றை விரல் படாமல் போட்டு நசுக்கிக் கரைக்க வேண்டும். குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பாகும். அதை வண்ணத் தட்டோடு ஒப்பிட்டு உடனே அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். தாமதித்தால் நிறம் மாறும். இது தனிக் குளோரின். அதே குப்பியில் மூன்றாம் எண் மாத்திரையையும் போட்டு நிறம் அடர்ந்தால், அமோனியாவோடு சேர்ந்துவிட்ட குளோரின் இருக்கிறது என்று பொருள். அப்படிச் சேர்ந்த குளோரினான குளோரமினையே கிருமிநீக்கத்துக்குப் பயன்படுத்தாத ஊரில் தனிக் குளோரின் இறங்கி, சேர்ந்த குளோரின் திடீரென்று ஏறினால் எனக்கு முதலில் வருவது கழிவுநீர்ச் சந்தேகம். இன்னொன்றும் உண்டு. குளோரின் மிக அதிகமாக இருந்தால் இந்த நிறம் வெளுத்துப்போய்க் குப்பி தெளிந்த நீராகவே நிற்கும். புதிதாகக் குளோரின் இட்ட குழாயில் சோதித்துவிட்டுப் பூஜ்ஜியம் என்று எழுதிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. மாதிரியைக் குளோரின் இல்லாத நீரால் நீர்க்கச் செய்து மறுபடி பார்த்தால்தான் உண்மை தெரியும்.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு இதுதான்: கார அமில அளவு 8-க்குக் குறைவாக உள்ள நீரில் குறைந்தது 30 நிமிடம் தொடர்பில் இருந்த பிறகு லிட்டருக்கு 0.5 மில்லிகிராமாவது தனிக் குளோரின் இருக்க வேண்டும். வீட்டுக் குழாயை அடையும்போது 0.2-க்குக் குறையக் கூடாது. கடைக்கோடியில் 0.2 வேண்டும் என்பதற்காகச் சுத்திகரிப்பு நிலையத்திலேயே அள்ளிக் கொட்டுவது பலர் பிடிக்கும் குறுக்குவழி. அருகிலுள்ள வீட்டுக்காரர் வாசனை தாங்காமல் வேறு நீரைத் தேடிப் போய்விடுவார். கரிமப் பொருளோடு வினைபுரிந்து உண்டாகும், உடலுக்கு ஆகாத டிரைஹேலோமீத்தேன்களும் கூடும். நடுவழித் தொட்டியில் சிறிதளவு சேர்ப்பது நல்லது. அதைவிட நல்லது, நீர் ஏன் அத்தனை நேரம் குழாயிலேயே கிடக்கிறது என்று கேட்பது. எதிர்கால மக்கள்தொகைக்காகப் பெரிதாகப் போட்ட குழாயிலும், முட்டுச்சந்தில் முடியும் குழாயிலும் நீர் நகராமல் கிடந்து முதுமையடையும். குளோரின் தீரும், கசடு படியும், உட்சுவரில் கிருமிகள் ஒட்டி வாழும் உயிர்ப்படலம் தடிக்கும்.

நெதர்லாந்தை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. அங்கே 2005 முதல் குடிநீரில் எங்கும் குளோரின் கிடையாது. எப்படி முடிகிறது? கிருமிக்கு உணவாகக்கூடிய பொருட்கள் நீரிலேயே மிகக் குறைவாக இருக்கும்படி சுத்திகரிக்கிறார்கள், அழுத்தத்தை விடாமல் காக்கிறார்கள், கசிவை மிகக் குறைவாக வைத்திருக்கிறார்கள், குழாயில் கைவைக்கும் தொழிலாளருக்குச் சுகாதார விதிமுறைகளைக் கண்டிப்பாகப் பழக்குகிறார்கள். புதிதாகப் போடும் தெருக் குழாய்களைச் சிறிய விட்டத்தில் போடுகிறார்கள். அன்றாடப் பயன்பாட்டிலேயே நாளில் ஒருமுறையாவது வினாடிக்கு 0.4 மீட்டர் வேகம் கிடைத்து, கசடு படியாமல் குழாய் தன்னைத்தானே கழுவிக்கொள்ளும். நாமும் குளோரினை நிறுத்திவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. கசிவும் அழுத்தக் குறைவும் உள்ள ஊரில் அது கொலைக்குச் சமம். குளோரின் இல்லாமல் வாழ என்னென்ன ஒழுங்கு தேவையோ அத்தனையும் குளோரின் உள்ள ஊருக்கும் தேவை என்பதே அவர்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது.

இனி உடைப்பை அடைக்கும் பள்ளத்துக்கு வருவோம். கபூல் மறுபடி நடக்குமா நடக்காதா என்பது முடிவாகும் இடம் அதுதான்.

குழாய் உடைந்தால் நீர் பீறிட்டுத் தெருவை நிறைக்கும். கூட்டம் கூடும், அதிகாரிகளின் போன் அடித்துக்கொண்டே இருக்கும். வால்வை முழுக்க மூடிவிட்டுத் தோண்ட ஆரம்பிப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். என்னோடு வேலை பார்த்த மூத்த ஃபிட்டர் ஒருவர் அதைச் செய்ய விடமாட்டார். “முழுசா மூடாதீங்க சார். இறக்கி மட்டும் வைங்க. கொஞ்சம் தண்ணி வெளிய வந்துக்கிட்டே இருக்கணும். உள்ள போகக் கூடாது பாருங்க” என்பார். பள்ளத்தைக் குழாயின் அடிமட்டத்துக்கும் கீழே தோண்டி, மோட்டார் வைத்து இறைத்து, சேற்றுநீர் குழாயைத் தொடாத அளவுக்கு இறங்கிய பிறகுதான் கடைசி வால்வை மூடச் சொல்வார். எந்தப் பயிற்சி வகுப்பிலும் அவர் உட்கார்ந்ததில்லை. நீர்த் துறையின் சர்வதேச நெறிமுறைகள் சொல்வதும் அதையேதான்: சிறிய அழுத்தம் கடைசிவரை உள்ளே இருந்தால் அந்த உடைப்பு குறைந்த ஆபத்து, அழுத்தம் போன பின் பள்ளத்து நீர் உள்ளே புகுந்திருந்தால் அதிக ஆபத்து. இரண்டுக்கும் அதற்குப் பிறகு செய்ய வேண்டியவை வேறு வேறு.

பிறகு சுத்தம். புதிதாகப் பொருத்தும் துண்டுக் குழாயும் கப்ளிங்கும் பெரும்பாலும் பள்ளத்தின் ஓரத்தில் மண்ணில்தான் கிடக்கும். அவற்றைக் கழுவி, உட்புறம் முழுக்க 1 சதவீத ஹைப்போகுளோரைட் கரைசலைத் தெளிக்கவோ துடைக்கவோ வேண்டும். வெட்டிய பழைய குழாயின் இரு முனைகளின் உட்புறத்தையும் அப்படியே. ரப்பர் வளையத்துக்குப் போடும் வழுக்குப் பொருள் குடிநீருக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். கையில் கிடைத்த எண்ணெயோ கிரீஸோ தடவினால் அது கிருமிக்கு விருந்து. வேலை முடிந்ததும் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் நீர் விட்டு, கடைசியிலுள்ள, கசடை வெளியேற்றும் ஸ்கவர் வால்வைத் திறந்து, குழாய்க்குள் வினாடிக்கு 0.9 மீட்டர் வேகமாவது வரும்படி கழுவ வேண்டும். கலங்கல் தெளிந்து, குளோரின் அளவு சுற்றுப்பகுதியின் அளவுக்கு வந்த பிறகே வீடுகளுக்கு விடலாம். சாக்கடை புகுந்த சந்தேகம் இருந்தால் இது போதாது. அந்தப் பகுதியைத் தனிமைப்படுத்தி, அடர்ந்த குளோரின் நீரை நிரப்பிவைத்து, கழுவி, கிருமிச் சோதனையும் எடுத்து, முடிவு வரும்வரை மக்களுக்குக் காய்ச்சிக் குடிக்கச் சொல்ல வேண்டும். முழுக்கப் புதிய பிரதானக் குழாய் என்றால் லிட்டருக்கு 25 மில்லிகிராம் குளோரின் இட்டு 24 மணி நேரம் வைத்திருப்பார்கள். அதன் முடிவில் 10-க்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

இத்தனையும் செய்ய ஒரு வாளி, ஒரு தெளிப்பான், கொஞ்சம் ஹைப்போ, ஒரு சோதனைப் பெட்டி, கூடுதலாகச் சில மணி நேரம் தேவை. கடைசியில் சொன்னதுதான் கிடைக்காது. “எப்போது தண்ணீர் வரும்?” என்று மேலிருந்து கேட்பவர் “கழுவியாயிற்றா?” என்று கேட்பதே இல்லை. பள்ளத்தில் சேற்றில் நிற்பவர் நம் எல்லோருக்கும் உணவு தயாரிப்பவரைப் போன்றவர். அவருக்குக் கைகழுவ நல்ல நீரும், சுத்தமான கருவிகளும், காய்ச்சலோ பேதியோ இருந்தால் சம்பளம் பிடிக்காத விடுப்பும் கொடுக்காத அமைப்பு தரத்தைப் பற்றிப் பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

தொட்டிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் இரண்டு ஊர்களை விட முடியாது. 1993 நவம்பரில் மிசௌரியிலேயே கிடியன் என்ற சுமார் 1,100 பேர் கொண்ட ஊரில் நீரில் வாடையும் சுவை மாற்றமும் இருப்பதாகப் புகார் வந்தது. நல்லெண்ணத்தோடு குழாய்களைத் திறந்து முழு அமைப்பையும் கழுவினார்கள். அப்படிக் கழுவியதால் தொட்டியின் நீர் வேகமாக ஊருக்குள் இழுக்கப்பட்டது. மூடியும் காற்றுத் துவாரமும் துருப்பிடித்துத் திறந்திருந்த ஒரு தொட்டிக்குள் பறவைகள் போய் வந்திருந்தன. நீரில் இறகுகள் மிதந்தன. சால்மொனெல்லாவால் ஏறத்தாழ 600 பேர் நோயுற்றார்கள், 7 பேர் இறந்தார்கள். 2008 மார்ச்சில் கொலராடோவின் அலமோசாவிலும் அதே கிருமி. தரைமட்டத் தொட்டியின் சுவர் வெடிப்புகள் வழியே விலங்குக் கழிவு கலந்த நீர் உள்ளே போயிருந்தது. இரண்டு ஊர்களிலும் குளோரின் இல்லை. கொசுவலை அளவுக் கம்பிவலை ஒன்று, பூட்டு உள்ள மூடி ஒன்று, ஆண்டுதோறும் ஏறிப் பார்க்க ஓர் ஆள். தொட்டிக்குக் கேட்பது அவ்வளவுதான். கிடியனில் இன்னொன்றும் தெரிந்தது. புகார் வந்ததும் கழுவுவதற்கு முன்னால், எந்த நீரைக் கொண்டு கழுவப்போகிறோம், அது எந்தத் தொட்டியிலிருந்து வரும் என்று பார்த்தாக வேண்டும்.

அழுக்கு நீர் எதிர்த்திசையில் குடிநீர்க் குழாய்க்குள் பாயும் எதிர்ப்பாய்ச்சல் வேறு வகை. கைபேசி நிறுவனத்துக்குப் பெயர் தந்த பின்லாந்தின் நோக்கியா நகரில், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குள் குடிநீர்க் குழாயும் கழிவுநீர் வெளியேறும் குழாயும் ஒரு வால்வால் இணைக்கப்பட்டிருந்தன. அப்படி ஓர் இணைப்பு இருந்திருக்கவே கூடாது. 2007 நவம்பர் 28 அன்று பராமரிப்பின்போது அந்த வால்வு திறக்கப்பட்டது. 400 கன மீட்டருக்கு மேல் கழிவுநீர் குடிநீர்க் குழாய்க்குள் போயிற்று. 8,000-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். காய்ச்சிக் குடிக்கும்படி அறிவிப்பு வந்தது 30-ஆம் தேதி. அதற்கும் வெகுகாலம் முன்னால், 1933-ல் சிகாகோவில் இரண்டு ஹோட்டல்களின் தவறான குழாய் இணைப்புகளால் அமீபா சீதபேதி பரவி 98 பேர் இறந்தார்கள். இவற்றோடு ஒப்பிட்டால் வீட்டுக்காரர் தெருக் குழாயில் நேரடியாக மோட்டார் மாட்டி உறிஞ்சுவது சிறிய விஷயமாகத் தெரியலாம். ஆனால் அவர் உறிஞ்சும்போது பக்கத்து வீட்டு இணைப்பில் வெற்றிடம் உண்டாகிறது. அங்கே குழாயின் முனையில் மாட்டிய ரப்பர் டியூப் அழுக்கு வாளியில் மூழ்கிக் கிடந்தால் அந்த நீர் எல்லோருடைய குழாய்க்கும் வரும். தொட்டியின் நீர்மட்டத்துக்கும் நீர் விழும் குழாய் முனைக்கும் நடுவே குழாய் விட்டத்தைப்போல் இரு மடங்கு காற்று இடைவெளி விடுவது இதற்கு மிக எளிய, ஒருபோதும் பழுதாகாத தீர்வு.

வெளியிலிருந்து வராமல் குழாயிலிருந்தே வரும் ஆபத்தும் உண்டு. வாஷிங்டன் நகரில் குளோரினின் துணைவிளைபொருட்களைக் குறைப்பதற்காக 2000 நவம்பரில் குளோரமினுக்கு மாறினார்கள். நல்ல நோக்கம். அதுவரை ஈயக் குழாய்களின் உட்புறத்தைக் காத்துவந்த படிவு அந்த மாற்றத்தால் கரைந்து, வீட்டு நீரில் ஈயம் ஏறியது. பொதுமக்களுக்கு அது 2004-ல்தான் பரவலாகத் தெரியவந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள பிளின்ட் நகரில் 2014 ஏப்ரலில் நீர் ஆதாரத்தை ஆற்றுக்கு மாற்றியபோது அரிப்பைத் தடுக்கும் பாஸ்பேட்டைச் சேர்க்கவில்லை. ஈயம் கரைந்தது, இரும்புக் குழாய்கள் அரித்துக் குளோரினையும் தின்றன, நீரில் வளரும் பாக்டீரியாவால் நுரையீரலைத் தாக்கும் லீஜனேர் நோயில் 12 பேர் இறந்தார்கள். நீரின் வேதியியலில் எதை மாற்றினாலும், பல பத்தாண்டுகளாக அந்தக் குழாய்க்குள் படிந்திருப்பது என்ன, அது இந்தப் புதிய நீருக்கு என்ன செய்யும் என்று சோதித்துப் பார்க்காமல் வால்வைத் திருப்பக் கூடாது.

மாதிரி எடுத்துச் சோதிக்கிறோமே, போதாதா என்று கேட்பார்கள். 10 லட்சம் லிட்டர் ஓடும் இடத்தில் 100 மில்லி எடுத்தால் அது ஒரு கோடியில் ஒரு பங்கு. முடிவு வருவதற்குள் அந்த நீரைக் குடித்து முடித்திருப்பார்கள். சோதனை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அது நடந்ததைச் சொல்லும், நடக்கப்போவதைத் தடுக்காது. இந்தக் காரணத்தால்தான் உலக சுகாதார நிறுவனம் 2004-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் நீர்ப் பாதுகாப்புத் திட்டத்தை மையமாக வைத்தது: ஆதாரம் முதல் வீட்டுக் குழாய்வரை எங்கே என்ன தவறக்கூடும், அதைத் தடுக்க என்ன இருக்கிறது, அது வேலை செய்கிறதா என்று யார் எப்போது பார்ப்பது, தவறினால் என்ன செய்வது. ஐஸ்லாந்து அதற்கும் முன்பே, 1995-ல், குடிநீரை உணவாகவே வகைப்படுத்தி இத்தகைய முறையைச் சட்டமாக்கியிருந்தது.

திட்டம் பல ஊர்களில் தடித்த கோப்பாக இருக்கிறது. நான் அதைத் திறந்ததும் முதலில் தேடுவது வரைபடத்தைத்தான். குழாய்ப் பாதை காகிதத்தில் ஒன்றாகவும் மண்ணில் வேறாகவும் இருக்கும். எந்த வால்வு எதை மூடும், எது பாதி திருகியே நின்றுபோய்ப் பல வருடமாயிற்று, எந்தத் தெருவுக்கு இரண்டு பக்கமிருந்தும் நீர் வருகிறது என்பதெல்லாம் வால்வு திறப்பவரின் தலையில் இருக்கிறது. அவர் ஓய்வுபெறும் நாளில் அந்த ஊரின் அரைவாசிப் பாதுகாப்பும் அவரோடு போய்விடும். அவரை மேசையில் உட்காரவைத்து, அவர் சொல்லச் சொல்ல வரைபடத்தைத் திருத்துவதைவிடப் பயனுள்ள கூட்டம் எதையும் நான் கண்டதில்லை.

அடுத்துத் தேடுவது புகார்ப் பதிவேடு. கலங்கல், வாடை, அழுத்தக் குறைவு, வயிற்றுப்போக்கு. ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தீர்த்து மூடிவிடுவது வழக்கம். வரைபடத்தில் அவற்றைப் புள்ளிகளாக வைத்துப் பார்த்தால் ஒரே வால்வுக்குக் கீழே எல்லாம் குவிந்திருப்பது சில நேரம் கண்ணில் படும். இந்த விஷயத்தில் மக்களின் மூக்கும் நாக்கும் பல கருவிகளைவிட முன்னால் ஓடுகின்றன. ஒரே பகுதியிலிருந்து ஒரே நாளில் சில புகார்கள் வந்தால் ஆய்வக முடிவுக்காகக் காத்திருக்காமல் ஆள் போக வேண்டும். போகிறவர் கையில் குளோரின் பெட்டியும் அழுத்தமானியும் இருக்க வேண்டும். அந்தப் பகுதி மருத்துவர்களிடம் பேதி நோயாளிகள் கூடியிருக்கிறார்களா என்றும் கேட்க வேண்டும்.

மக்களிடம் சொல்வதில்தான் எங்கள் துறைக்கு மிகவும் தயக்கம். பீதி கிளம்பும் என்று பயப்படுகிறார்கள். காய்ச்சிக் குடியுங்கள் என்று இன்று சொல்லி நாளை பாதுகாப்பானது என்று தெரிந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. இரண்டு நாள் தாமதமாகச் சொன்னால் என்ன ஆகும் என்பதை நோக்கியா காட்டியிருக்கிறது. அறிவிப்பை எந்த நிலையில் விடுவது, எந்தச் சோதனைகள் எத்தனை முறை சரியாக வந்தால் திரும்பப் பெறுவது, யார் கையெழுத்திடுவது என்பதை உடைப்பு வருவதற்கு முன்பே எழுதிவைத்திருக்க வேண்டும். நள்ளிரவில் கூடிப் பேசி முடிவெடுக்கிற விஷயம் இல்லை இது.

வீட்டிலிருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் தெருவில் குழாய் வேலை நடந்திருந்தால், நீர் திரும்ப வந்ததும் தொட்டிக்கு விடும் வால்வை உடனே திறக்காதீர்கள். முதலில் வரும் நீரை ஒரு குழாயில் தெளியும்வரை ஓடவிட்டு, அதைத் தரை கழுவவோ செடிக்கோ பயன்படுத்திக்கொள்ளுங்கள். சாக்கடை வாடை வந்தாலோ, தெளியவே இல்லை என்றாலோ, குடிக்கவும் சமைக்கவும் அந்த நீர் வேண்டாம். புகார் எண்ணுக்குச் சொல்லும்போது, எத்தனை மணிக்கு வந்தது, எந்த நிறம், பக்கத்து வீட்டிலும் அப்படியா என்ற மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். எந்த வால்விலிருந்து தேடத் தொடங்குவது என்று எங்களுக்கு அதிலிருந்து தெரிந்துவிடும்.